பழைய கப்பல் பட்டியல்களுக்கு நேரம் தர நினைக்கிறீர்களா? எங்கே தருவது?

வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. சனியும் ஞாயிறும் வீடு எழுந்திருப்பதற்கு முன் இரண்டிரண்டு மணி நேரம். சில வருடங்களாக அந்த நேரத்தை நூறு, நூற்றைம்பது வருடப் பழைய கப்பல் பயணிகள் பட்டியல்களைப் படித்துத் தட்டச்சு செய்வதற்குக் கொடுத்து வருகிறேன். சம்பளம் கிடையாது. எங்கோ ஒருவர் தன் பாட்டனின் பெயரைத் தேடும்போது அது அகப்பட வேண்டும், அதற்குத்தான். இதைக் கேள்விப்பட்ட நண்பர்கள் சிலர், தாங்களும் செய்யலாமா, எங்கே சேர்வது என்று கேட்டார்கள். இடங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் கேட்கிற உழைப்பு வேறு, அந்த உழைப்பு போய்ச் சேருகிற இடமும் வேறு. நான் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பட்டியல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்கா 1819-இல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 1820-லிருந்து, வந்து சேரும் ஒவ்வொரு கப்பலின் தலைவரும் பயணிகளின் பெயர், வயது, ஆணா பெண்ணா, தொழில், எந்த நாட்டவர் என்று எழுதிச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். போகப்போகக் கட்டங்கள் கூடின. 1907-க்குப் பிறகு வந்த பட்டியல்கள் இரண்டு பக்க அகலத்துக்கு விரிகின்றன. கையில் எவ்வளவு பணம், யாரைப் பார்க்கப் போகிறார், உயரம் என்ன, உடம்பில் என்ன அடையாளம், சொந்த ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயரும் விலாசமும் என்ன, எல்லாம் அதில் உண்டு. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அந்தக் கடைசிக் கட்டம் ஒன்றே போதும். கடல் தாண்டி ஊர் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். குடியேற வருகிறவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று எத்தனையோ குடும்பங்களில் கதை உண்டு. உண்மையில் அந்தப் பட்டியல்களை எழுதியவர்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள், அதுவும் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிவிட்டார்கள். எல்லிஸ் தீவில் இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். ஆக, நம் திரையில் இருப்பது, பயணியின் மொழி தெரியாத ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிய கையெழுத்தாக இருக்கலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் தவிரும்.

அடுத்து, பெயரடைவு வேறு, படியெடுத்தல் வேறு. பெயரடைவு என்பது வில்லங்கச் சான்று மாதிரி. இன்னார் பெயர் இந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், பத்திரத்தை நாம் போய்த்தான் பார்க்க வேண்டும். படியெடுத்தல் என்பது பத்திரத்தையே வரி விடாமல் திரும்ப எழுதுவது. எங்கே சேர்வது என்ற கேள்வி பெரும்பாலும் இந்த இரண்டில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதில் போய் நிற்கிறது.

பெயரடைவு வேலைக்குப் பெரிய இடம் ஃபேமிலிசர்ச் என்ற இணையதளம். பிந்தைநாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மோர்மன் சபை என்று அறியப்படும் அமைப்பு, நடத்துவது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி வேலை செய்யலாம், தேடுவதும் இலவசம். ஒரு சிறு தொகுதி படங்கள் வரும். அதில் கேட்கிற கட்டங்களை மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டும். இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார். முன்பெல்லாம் ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய, வேறுபட்ட இடத்தை மூன்றாமவர் தீர்த்துவைக்கும் முறை இருந்தது. இப்போது ஒருவர் எழுத ஒருவர் சரிபார்ப்பது.

இந்த முறையால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு எல்லிஸ் தீவு ஒன்றே போதும். 1892-லிருந்து 1924 வரை நியூயார்க் வந்தவர்களின் பட்டியலில் சுமார் 2 கோடியே 20 லட்சம் பெயர்கள். அந்தச் சபையின் தன்னார்வலர்கள் 12,000 பேர் 56 லட்சம் மணி நேரம் உழைத்து அவற்றைத் தட்டச்சு செய்தார்கள். 2001 ஏப்ரல் 17-ஆம் தேதி அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1907-இல் அதே ஏப்ரல் 17-இல்தான் எல்லிஸ் தீவு ஒரே நாளில் மிக அதிகமான பேரைப் பார்த்தது, 11,747 பேர். என்னுடைய நான்கு மணி நேரத்தை அந்த 56 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெம்பாகத்தான் இருக்கிறது. அதுவும் இப்படிப்பட்ட நான்கு மணி நேரங்கள் சேர்ந்து ஆனதுதானே.

புதிதாக வருகிறவர்கள் இங்கே தொடங்குவதுதான் நல்லது. அரை மணி நேரம் கிடைத்தாலும் ஏதாவது செய்யலாம். சின்னச் சின்னச் சரிபார்ப்பு வேலைகளைக் கைப்பேசியிலேயே முடிக்கலாம். முக்கியமாக, நம் பிழையை இன்னொருவர் பிடிக்கிறார். நான் தொடங்கிய புதிதில் ஒரு வயதுக் கட்டத்தில் 11, அதன் கீழ் ஒரு கோடு, அதன் கீழ் 12 என்று இருந்தது. 11 என்று போட்டு அனுப்பிவிட்டேன். அது 11 மாதக் குழந்தை. கைக்குழந்தைகளின் வயதைப் பன்னிரண்டின் பின்னமாக எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சரிபார்த்தவர் திருத்தியிருந்தார். திருத்தாமல் போயிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இல்லாத ஒரு மூத்த பிள்ளையை நான் உண்டாக்கியிருப்பேன். அதிலிருந்து ஒவ்வொரு குழந்தையின் வரியையும் இரண்டு தடவை பார்க்கிறேன்.

கண் பழகுவதற்கும் இதுதான் இடம். ஆங்கிலக் கையெழுத்தில் பெரிய எல்லும் எஸ்ஸும் டியும் ஒன்றுபோலவே இருக்கும். இரட்டை எஸ் வந்தால் முதல் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும். மேலே உள்ளதே கீழேயும் என்பதற்கு இரண்டு கோடு போட்டுக்கொண்டே போவார்கள், நம் பழைய பத்திரங்களில் ‘௸’ போடுவது போல. நடுவில் ஒரு வரியில் மட்டும் ஊர் மாறியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் அதை விட்டுவிட்டால் அந்த மனிதருக்குப் பக்கத்து ஆளின் ஊர் ஒட்டிக்கொள்ளும்.

யோசிக்க வேண்டிய விஷயங்களும் இருக்கின்றன. நடத்துவது ஒரு மதச் சபை. இறந்த முன்னோர்களுக்காக ஞானஸ்நானம் செய்வது அவர்களுடைய நம்பிக்கை, முன்னோர் பெயர்களைத் திரட்டுவதற்கான ஊக்கமும் அங்கிருந்தே வருகிறது. இது சிலருக்கு உறுத்தலாம், எனக்கு உறுத்தவில்லை. தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. அதோடு, அங்கே சேர்கிற தரவுகள் ஒப்பந்தங்கள் மூலம் சந்தா வாங்கும் வணிக நிறுவனங்களுக்கும் போகின்றன. ஆவணம் வைத்திருக்கும் காப்பகத்தின் நிபந்தனையால், பெயரடைவு எல்லோருக்கும் தெரிந்தாலும் சில படங்களை அவர்களுடைய மையங்களுக்குப் போய்த்தான் பார்க்க முடியும்.

எனக்கு உண்மையாகவே தயக்கம் தருவது வேறொன்று. இப்போது கையெழுத்தைக் கணினியே படிக்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் 1950 மக்கள்தொகைக் கணக்கு 2022-இல் வெளியானபோது பெயர்களை முதலில் படித்தது இயந்திரம், தன்னார்வலர்கள் சரிபார்த்தார்கள். பட்டியல் வேலையும் அந்தத் திசையில்தான் போகிறது. வேகம் பல மடங்கு, மறுக்கவில்லை. ஆனால் வெற்றுக் கட்டத்தைப் பார்த்துப் படிக்கும்போது கண் உழைக்கிறது. ஏற்கெனவே நிரப்பிய கட்டத்தைப் பார்க்கும்போது கண் ஒப்புக்கொள்ளப் பார்க்கிறது. சரிபார்ப்பு வேலையை எடுத்தால், திரையில் உள்ள விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் படத்தை நீங்களே படியுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பெயர்களைத் தட்டச்சு செய்தால் மட்டும் போதாது, தேடும் வழியும் வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. எல்லிஸ் தீவுத் தரவு திறந்த 2001-லேயே, அதில் தேடுவது கடினமாக இருக்கிறது என்று ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் தானாகவே ஒரு தேடல் கருவி செய்து இலவசமாக வைத்தார். கணினிகளுக்கான இன்டெல் 8086 சிப்பை வடிவமைத்த அதே மோர்ஸ். பெயரின் ஒலியை வைத்தும், ஊரை வைத்தும், கப்பலை வைத்தும் தேடலாம். நாம் எழுத்துக் கூட்டலில் எடுக்கும் கவனம் இப்படிப்பட்ட கருவிகள் வழியாகத்தான் பலன் தருகிறது.

படியெடுத்தல் பக்கம் வந்தால் அமெரிக்காவின் இமிக்ரன்ட் ஷிப்ஸ் டிரான்ஸ்கிரைபர்ஸ் கில்டு, அதாவது குடியேறிகளின் கப்பல் பட்டியல்களைப் படியெடுப்பவர்களின் சங்கம். 1998-லிருந்து முழுக்கத் தன்னார்வலர்களால் நடப்பது. இங்கே தொகுதி கிடையாது, கப்பல்தான் கணக்கு. ஒரு கப்பலை எடுத்தால் அதன் தலைவர் பெயர், புறப்பட்ட துறைமுகம், வந்து சேர்ந்த நாள் தொடங்கிக் கடைசிப் பயணி வரை நீங்கள்தான் எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பது விதி. பெயர் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. முடிந்த பட்டியலைக் கணக்கு, சந்தா எதுவும் இல்லாமல் யாரும் படிக்கலாம். அதன் கீழே எழுதியவர் பெயரும் இருக்கும்.

முந்நூறு பேர் வந்த ஒரு கப்பலுக்கு என் வேகத்தில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் கப்பல் முழுக்க எனக்குப் பழகிவிடுகிறது. ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்து நிற்பது தெரியும். மூன்றாம் பக்கத்தில் தனியாக வருகிற பெண்ணின் ஊரும் ஏழாம் பக்கத்து இளைஞனின் ஊரும் ஒன்று என்று தெரியும். ஒரு தொகுதியை முடித்து அடுத்ததற்குப் போகிறவருக்கு இது கிடைக்காது.

ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். 28 வயதுப் பெண், ஆறு வயது, மூன்று வயதுக் குழந்தைகள் இரண்டு. மூன்று வரிகளையும் அளவுகோல் வைத்து நேராகக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘கப்பலேறவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. பணம் கட்டி, பெயர் எழுதி, கடைசி நேரத்தில் ஏறாமல் நின்றுவிட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சலோ என்னவோ, பட்டியல் சொல்லவில்லை. பெயரடைவில் இந்த மூவரும் வெறும் பெயர்களாக ஏறினால், தேடுகிறவர் அவர்கள் அந்தக் கப்பலில் வந்ததாகவே எடுத்துக்கொள்வார். ஏறாமலே போனால், அவர்கள் ஒருமுறை புறப்பட முயன்றதே யாருக்கும் தெரியாது. முழுப் படியெடுப்பில்தான் அடித்தல் அடித்தலாகவும் குறிப்பு குறிப்பாகவும் நிற்கிறது. அன்றைக்குப் பிறகுதான் என் நேரத்தில் பெரும்பகுதியை இந்தப் பக்கம் திருப்பினேன்.

மூன்றாவது, சிட்னி. ‘மரைனர்ஸ் அண்ட் ஷிப்ஸ் இன் ஆஸ்திரேலியன் வாட்டர்ஸ்’ என்ற திட்டம், நியூ சவுத் வேல்ஸ் அரசு ஆவணங்களில் உள்ள 1845 முதல் 1922 வரையிலான சிட்னி வருகைப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் மூலம் படியெடுக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, பயணிகளோடு மாலுமிகள் பெயரும் வருவது. பெயர், வேலை, வயது, எந்த ஊர் அல்லது நாடு. மேல்வகுப்புப் பயணிகளைத் ‘திருவாளர் இன்னாரும் குடும்பமும்’ என்று முடித்துவிட்ட அதே பட்டியலில் நிலக்கரி அள்ளிப் போட்டவருடைய வயதும் ஊரும் இருக்கும். பெரிய நீராவிக் கப்பல்களில் லஸ்கர்கள் என்று சொல்லப்பட்ட இந்திய மாலுமிகள் ஏராளம். வேறு ஏடுகளில் பெயர் எளிதில் அகப்படாத உழைப்பாளிகள். வடிவம் ஒரே சீராக இருப்பதால் பழகியபின் கை வேகமாக ஓடும். கப்பலும் பொதுவாகச் சின்னது. ஒரு முழுப் பட்டியலை முடித்த நிறைவு வேண்டும், ஆனால் மாதக் கணக்கில் ஒன்றிலேயே உட்கார முடியாது என்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

ஜெர்மனியின் பிரேமன் பட்டியல்கள் ஜெர்மன் தெரிந்தவர்களுக்கானவை, அதனால் நமக்கு அது தேர்வாகாது. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. 1832-லிருந்து அங்கே பட்டியல் எழுதினார்கள். இடம் போதவில்லை என்று 1875-லிருந்து 1908 வரை மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பட்டியல்களை அழித்துக்கொண்டே வந்தார்கள். மிச்சமிருந்தவை இரண்டாம் உலகப் போரில் போயின. தப்பியவை 1920 முதல் 1939 வரையிலான 2,953 பட்டியல்கள் மட்டும். ‘டி மௌஸ்’ என்ற உள்ளூர்க் குடும்ப வரலாற்றுச் சங்கத்தினர் அவற்றைப் பெயர் பெயராகத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கானவர் புறப்பட்ட துறைமுகத்தில் மிஞ்சியது இவ்வளவுதான் என்று நினைக்கும்போது, என் திரையில் ஓரம் கிழிந்த பக்கம் வந்தாலும் அலுப்பு வருவதில்லை.

இனி, தமிழ் தெரிந்தவர்களுக்கு என்று தனியாக ஒன்று. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது, 342 பேரோடு. அதிலிருந்து 1911 வரை 152,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம். இந்தப் பட்டியல் ஏற்கெனவே கணினியில் ஏறிவிட்டது. அதனால் தட்டச்சுக்கு ஆள் வேண்டியதில்லை. மிச்சமிருப்பது பொருத்திப் பார்க்கும் வேலை. அதற்குத் தமிழ்க் காது வேண்டும்.

அங்கே கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், முனுசாமி மூன்சாமி என்ற குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டார். தந்தை பெயர் ஒரு தலைமுறையில் குடும்பப் பெயராகி, அடுத்த தலைமுறையில் எழுத்து மாறி, இன்றைக்கு டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேரன் தேடும்போது பட்டியலில் இருக்கும் பெயரோடு ஒட்டுவதில்லை. பிரெஞ்சு வழக்கு கலந்த மொரீஷியஸில் வீரப்பன் வீராப்பென் ஆனார். அங்குள்ள குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. ஃபிஜிக்கு 1903-லிருந்துதான் சென்னையிலிருந்து கப்பல் போயிற்று. அங்கே போனவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு குடியேற்றச் சீட்டு.

டர்பனிலிருந்து ஒரு அம்மா, தன் தாத்தாவின் பதிவை அனுப்பி ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். தாலுகா இடத்தில் ‘சில்லம்ப்ரம்’ என்று வாசிக்கும்படியாக ஒரு சொல். அவர் வரைபடத்தில் அந்தப் பெயரில் வருடக்கணக்காகத் தேடியிருக்கிறார். நம் பக்கம் இன்றைக்கும் வயதானவர்கள் சிதம்பரத்தைச் சிலம்பரம் என்பார்கள். குமாஸ்தா தன் காதில் விழுந்ததை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தட்டச்சில் எத்தனை மணி நேரம் போட்டாலும் செய்ய முடியாத ஒன்று அது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டியலைப் படியெடுக்கும்போது ‘சில்லம்ப்ரம்’ என்றால் சில்லம்ப்ரம்தான். சிதம்பரம் என்று நாமே மாற்றக் கூடாது. நம் ஊகம் தவறாக இருந்தால், அடுத்து வருகிறவருக்குச் சரியானதைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போய்விடும். நம் காது சொல்வதைக் குறிப்பாகத் தனியே வைக்கலாம், அல்லது கேட்கிறவரிடம் நேரில் சொல்லலாம்.

அப்படியானால் எது? வாரத்தில் ஒரு மணி நேரம்தான், அதுவும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்றால் ஃபேமிலிசர்ச்சைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். பாதியில் நிற்கிற கப்பல் யாருக்கும் உதவாது. ஒரே இடத்தில் உட்காரும் குணமும் நிலையான நேரமும் உள்ளவர்கள் அங்கே இரண்டு மூன்று மாதம் கண்ணைப் பழக்கிக்கொண்டு சிட்னிக்கோ கில்டுக்கோ போகலாம். என் ஓட்டு கில்டுக்கு. உழைப்பு யாருடைய சந்தாவுக்குப் பின்னாலும் போகாது, அடித்த வரியும் அழியாது. தட்டச்சே ஒத்துவராது, ஆனால் வடஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமப் பெயர்களெல்லாம் அத்துப்படி என்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், நேட்டால் பதிவுகளை வைத்துத் திணறும் குடும்பங்களுக்கு அவர்கள்தான் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆங்கில எழுத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுத்தைக் கண்ணால் பார்த்தபோது பிடிபடாத ஊர், காதில் விழுந்ததும் பிடிபடும்.

தொடங்குகிறவர்கள் முதல் தொகுதியாக 1910-க்குப் பிந்தைய, தட்டச்சு செய்யப்பட்ட பட்டியலை எடுங்கள். கட்டங்களின் ஒழுங்கு மனதில் பதியும். கையெழுத்துப் பட்டியலுக்கு அப்புறம் போகலாம். ஒரு பெயர் பிடிபடவில்லை என்றால் அதே பக்கத்தில் அந்த எழுத்து வேறெங்கே வருகிறது என்று பாருங்கள், ஒரே கை எழுதியது. அப்படியும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே குறித்து அனுப்பிவிடுங்கள். அதற்கென்று குறியீடு உண்டு. அடுத்து பார்க்கிறவருக்குத் தெரியலாம்.